மெகர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

“மோட்டார் எரிந்துவிட்டது” என்று மெக்கானிக் சொன்ன மாத்திரத்தில் விவசாயிக்கு நெஞ்சு பதறிப் போகிறது. சென்ற ஐப்பசி மழையில் எனக்கும் அந்த அனுபவம் வாய்த்தது. ஸ்டார்ட்டரைப் போட்டவுடன் பியூஸ் போயிற்று. வந்தவர் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்த்துவிட்டு, ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து மோட்டாரை எடுக்க வேண்டியதுதான் என்றார். 300 அடிக் குழாயையும் கழற்றி, ஆள் கூலியும் கொடுத்து, மோட்டாரை மேலே கொணர்ந்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. ஸ்டார்ட்டருக்கும் கிணற்று வாய்க்கும் இடையே கிடந்த கேபிளை எலி கடித்திருந்தது! கிணற்று வாயில் கேபிளைக் கழற்றி, இரு புறத்தையும் தனித்தனியே சோதித்திருந்தால் பத்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்திருக்கும். அதற்குரிய கருவி ஊரில் எவரிடமும் இல்லை.

மின்கம்பியின் மேலுறை எவ்வளவு உறுதியாய் இருக்கிறது என்பதை அளக்கும் அக்கருவியை நம்மவர் ‘மெகர்’ என்று வழங்குகின்றனர். எவர்ஷெட் என்னும் ஆங்கிலேயர் 1889-ல் இவ்வகைக் கருவியை அமைத்தார். ‘மெகர்’ என்பது 1903-ல் பதிவான வியாபாரப் பெயர். இன்று வேறு பல கம்பெனிகளும் இதனைச் செய்கின்றன. ஒருவர் தனியே வாங்கினால் ஆண்டில் சில நாட்களே உபயோகப்படும். சங்கம் வாங்கினால் தோட்டத்து மோட்டாருக்கும் தறி மோட்டாருக்கும் பொதுவாகப் பயன்படும். பஞ்சுத் தூசு படிந்து, அது மழைக்கால ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் விசைத்தறிக் கூடத்தில் இதன் தேவை சிறிதும் குறைந்ததன்று.

“மல்டிமீட்டர் இருக்கிறதே, போதாதா?” என்று சிலர் கேட்கலாம். போதாது. அது சிறு பாட்டரியின் சில வோல்ட்டுகளைக் கொண்டே அளக்கிறது. அந்தச் சிறு அழுத்தத்தில் ஒழுங்காய்த் தோன்றும் ஈர உறை, 415 வோல்ட்டில் மின்சாரத்தைக் கசியவிடும். டெஸ்ட் லாம்போ, கசிவு முற்றிய பிறகே எரிந்து காட்டும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது சோதனை வோல்ட். நம்முடைய 230, 415 வோல்ட் மோட்டார்களுக்கு 500 வோல்ட் நேர்மின்சாரம் தரும் கருவியே ஏற்றது. 250 வோல்ட் நிலையும் உடன் இருந்தால் நலம். 2,500, 5,000 வோல்ட் கருவிகள் உயர் அழுத்த வேலைக்குரியவை. கடைக்காரர் அவற்றைப் புகழ்ந்தாலும் மயங்க வேண்டாம். பழைய சுற்றுக்கு அவை கேடு செய்யவும் கூடும்.

எழுதியிருக்கும் வோல்ட் உண்மையில் நிற்கிறதா என்பது அடுத்த கேள்வி. அரை மெகாஓம், அதாவது ஐந்து லட்சம் ஓம், தடையை இணைத்தபோதும் 500 வோல்ட் குறையாமல் 1 மில்லி ஆம்பியர் தர வேண்டும் என்பது சர்வதேசத் தரம். மலிவான சில கருவிகள் இங்கே தளர்ந்துவிடுகின்றன. விளக்கப் புத்தகத்தில் இவ்விவரம் காணாவிடில் வாங்காதிருப்பதே மேல். கடையிலேயே முனைகளைப் பிரித்துப் பாருங்கள், அளவு எல்லையற்றதாகக் காட்ட வேண்டும், சேர்த்தால் பூஜ்யம்.

கையால் சுற்றும் கருவிக்குப் பாட்டரி வேண்டுவதில்லை. பல மாதம் சும்மா கிடந்தாலும் வேலை செய்யும். ஆனால் ஒரே வேகத்தில் சுற்ற ஒருவர், முனைகளைப் பிடிக்க ஒருவர் என இருவர் வேண்டும். பலர் கை மாறும் சங்கத்திற்குப் பாட்டரிக் கருவியே உகந்தது என்பது என் கருத்து. அதில் பொத்தானை ஒரு நிமிஷம் பூட்டி வைக்கும் வசதியும், சோதனை முடிந்ததும் கேபிளில் தங்கிய மின்சாரத்தைத் தானே இறக்கிவிடும் வசதியும் இருத்தல் அவசியம். பின்னது இல்லையேல் நீண்ட கேபிளைத் தொட்டவர் அதிர்ச்சிக்கு ஆளாக நேரும்.

சோதிக்குமுன் மெயினை நிறுத்தி, ஸ்டார்ட்டரிலிருந்து கம்பிகளைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாது சோதித்தால், அங்குள்ள மின்னணுக் காப்புப் பெட்டி 500 வோல்ட்டைத் தாங்காது கெடும்.

ஒரு மெகாஓம் இருந்தால் போதும் என்பது பழைய கைக்கணக்கு. இக்காலத்து ஐ.இ.இ.இ. தரநிலை சாதாரண மோட்டாருக்கு 40 டிகிரி சூட்டில் 5 மெகாஓம் வேண்டும் என்கிறது. சூடு 10 டிகிரி ஏறினால் அளவு ஏறக்குறையப் பாதியாகும். ஆதலின் ஓடி நின்ற மோட்டாரையும் குளிர்ந்த மோட்டாரையும் ஒப்பிடலாகாது. ஒரு தடவை கண்ட அளவைக் காட்டிலும், நோட்டில் தேதியுடன் எழுதி வந்த அளவுகளே அதிகம் பேசும். 100 இருந்தது 20 ஆகி, பிறகு 4 ஆனால், ஈரம் ஏறுகிறது என்று பொருள். தறி மோட்டாரானால் தூசு தட்டி உலர்த்திப் பார்த்த பின்பே சுற்றுக் கட்டக் கொடுக்கலாம்.

எங்கள் சங்கத்தில் கருவி வந்ததும், எலி கடித்த கேபிளின் மிச்சத்தை எடுத்துச் சென்று சோதித்தேன். வெட்டி இணைத்துவிட்டால் போதும் என்று எண்ணியிருந்த அப்பகுதியும் அரை மெகாஓமைத் தாண்டவில்லை. கேபிள் முழுவதையும் மாற்றினேன்.