மூச்சை எண்ணுவது எதற்கு?

தியானம் பழக உட்காருகிறவர்களில் பலர் சில நாட்களிலேயே கைவிடக் காரணம், மனம் ஓடுவதைத் தோல்வியாக நினைப்பதுதான். மூச்சுப் பயிற்சியின் வேலையோ, ஓடியதை உடனே கண்டுபிடிக்கப் பழக்குவது. 5ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்து மகாவிகாரையில் பௌத்தத் துறவி புத்தகோசர் பாலி மொழியில் எழுதிய ‘விசுத்திமக்கம்’ தரும் விதிகளைப் பார்த்தாலே இது புரியும். மூச்சை எண்ண வேண்டும். ஐந்துக்கு முன்னால் நிறுத்தக் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது. ஐந்துக்குள் நிறுத்தினால் மனம் நெருக்கடியான தொழுவத்து மாடுகளைப் போலத் தவிக்கும். பத்தைத் தாண்டினால் கவனம் மூச்சை விட்டு எண்ணையே பிடித்துக்கொள்ளும். கவனம் நிலைத்தபின் எண்ணுவதை விட்டுவிட்டு, மூச்சு உரசும் இடத்தில் நிற்க வேண்டும். நீள மூக்குக்காரருக்கு அது மூக்கு நுனி, குட்டை மூக்குக்காரருக்கு மேலுதடு என்று சொல்லுமளவுக்கு நுணுக்கமான நூல் அது.

ஆக, எண்ணிக்கை ஒரு கண்காணிப்பு ஏற்பாடு. பதினான்கு என்று எண்ணிக்கொண்டிருப்பது தெரியவந்தால் மனம் எப்போதோ கிளம்பிவிட்டது என்று பொருள். 2014இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதையே அளவுகோலாக்கினார்கள்: எட்டு மூச்சு வரை ஒரு பொத்தான், ஒன்பதாவதுக்கு வேறு பொத்தான். கவனம் சிதறியதா என்று ஆளைக் கேட்கவே வேண்டாம், தப்பிய எண் காட்டிவிடும். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு எமரி பல்கலைக்கழகத்தில், தியானத்தில் அனுபவமுள்ள 14 பேர் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் மூச்சைக் கவனித்தபடி, மனம் அலைந்ததை உணர்ந்தபோதெல்லாம் பொத்தானை அழுத்தினார்கள். அலைவது, உணர்வது, திரும்புவது, நிலைப்பது என ஒவ்வொரு கட்டத்திலும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் இயங்கின. பழகியவர்களுக்கும் மனம் அலைந்தது என்பதுதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மூச்சுக்குப் பதிலாக விளக்குச் சுடரைப் பார்த்தால் போதாதா? போதும். ஆனால் மூச்சு எங்கேயும் கூடவே வருகிறது, சலிப்பூட்டுமளவுக்குச் சாதாரணமானது. மனம் நழுவ இடம் கொடுப்பதால்தான் நழுவலைப் பிடிக்கவும் பழக முடிகிறது. நிதானமான மூச்சே அமைதி தருகிறது, கவனத்துக்கு அதில் பங்கில்லை என்பது இதைவிட வலுவான ஆட்சேபம். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் வழியே இதயத் துடிப்பு சற்றுக் குறைவது உண்மை. ஆனால் மூச்சை இழுக்க, அடக்க, விட முறையே 16, 64, 32 என்று திருமூலர் மாத்திரைக் கணக்குச் சொல்லும் பிராணாயாமம் மூச்சையே மாற்றுகிற வழி. இங்கே மூச்சை அதன் போக்கில் விடுகிறோம். கவனித்த மாத்திரத்தில் அது கொஞ்சம் மாறத்தான் செய்யும். ஆனாலும் எண்ணிக்கை தவறியதைக் கண்டுகொள்ளும் திறனை நிதானமான மூச்சு மட்டும் தந்துவிடாது. மூச்சைக் கவனித்தாலே பதற்றம் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டியதில்லை. பாதம் தரையில் படும் உணர்வை வைத்துக்கொள்ளலாம்.