மருந்துப் பையோடு பள்ளி வரும் பிள்ளைகளும் அவர்களின் தொழில் தெரிவும்

பள்ளிப் பிள்ளைகளுள் ஒரு பிரிவினர் பார்வைக்கு மற்றவர்களைப் போலவே இருப்பர். ஆனால் அவர்களுடைய புத்தகப் பைக்குள் இன்சுலின் பேனாவோ, ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரோ, வேளை தவறாமல் விழுங்க வேண்டிய வலிப்பு மாத்திரையோ இருக்கும். முதல் வகை நீரிழிவு, வலிப்பு, ஆஸ்துமா, பிறவி இதயக் குறைபாடு, இரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா, தலசீமியா, சிறுநீரக நோய் ஆகியவற்றோடு வளரும் இவர்களை மருத்துவத் தேவையுள்ள மாணவர்கள் எனலாம். இவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடுகள் கேரளத்தில் பெரிதும் வளர்ந்துள்ளன. அச்சிகிச்சையின் பயனாக நன்றாக வளர்ந்து பதினைந்து வயதை எட்டும் பிள்ளை மேற்கொண்டு எதைப் படிக்கலாம், எவ்வகை வேலைக்குப் போகலாம் என்று பிள்ளையையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசும் ஏற்பாடோ அந்த அளவுக்கு வளரவில்லை.

இக்குறை நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் கூடுதல் கனத்தோடு விழுகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. அதனால் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் பல, மலையாளத்தில் இயங்கும் அலுவலகங்களையும் மருத்துவமனைகளையும் சார்ந்து வாழ்கின்றன. ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டு, கொத்தனார் வேலை, செங்கல் சூளை, பாலராமபுரத்துக் கைத்தறி, பூவாறு பக்கத்து மீன்பிடி, களியக்காவிளையிலும் பனச்சமூட்டிலும் நடக்கும் எல்லை வணிகம், இவற்றோடு வளைகுடா நாட்டு வேலை என்பனவே இங்குள்ள குடும்பங்கள் கண்ணெதிரே காணும் பிழைப்பு வழிகள். இவற்றுள் பெரும்பாலானவை உடலுழைப்பை நம்பியவை என்பதால், நோயுள்ள பிள்ளையைப் பற்றிய பேச்சு வந்ததும், 'இவனால் என்ன வேலை செய்ய முடியும்' என்ற கவலையே முதலில் எழுகிறது.

அக்கவலை பிழையானதன்று, ஆனால் கேள்வி தவறான இடத்தில் தொடங்குகிறது. நோயின் பெயரை வைத்து வேலையை விலக்குவது எளிது. ஒரு வேலை எந்த நேரத்தில் தொடங்குகிறது, எத்தனை மணிநேரம் நிற்க வேண்டும், இடையில் உண்ண முடியுமா, தூசும் புகையும் உண்டா, திடீரென மயக்கம் வந்தால் அருகில் ஆள் இருப்பார்களா, மாதாந்திர மருத்துவமனைப் பயணத்துக்கு விடுப்புக் கிடைக்குமா என்று அந்த வேலையின் ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்பதே நல்ல தொழில் வழிகாட்டலின் அடிப்படை.

பால்வெட்டையே எடுத்துக்கொள்ளலாம். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தில் பால் நன்றாக ஓடும் என்பதால், வெட்டுபவர் இருட்டோடு எழுந்து, பெரும்பாலும் வெறும் வயிற்றில், மரத்துக்கு மரம் நடந்து பட்டையைச் சீவுகிறார். முதல் வகை நீரிழிவு என்பது உடலில் இன்சுலின் சுரப்பே அநேகமாக இல்லாமற்போகும் நிலை. ஊசியால் இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் ஓர் இளைஞர் உண்ணாமல் இவ்வாறு உழைத்தால், இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, தடுமாற்றம் என்று தொடங்கி நினைவிழப்பு வரை அது போகும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை உடனே உண்டு, கால் மணிநேரத்துக்குப் பின் மறுபடி அளந்து பார்ப்பது அதற்குரிய முதலுதவி. ஆளில்லாத தோட்டத்தில் அதற்கு யாரும் உதவிக்கு வரமாட்டார்கள். அதே இளைஞர் கணக்கர் மேசையிலோ, ஆய்வுக்கூடத்திலோ, பள்ளி வகுப்பறையிலோ வேலை செய்தால், பையில் ஒரு சர்க்கரைப் பொட்டலமும் விவரம் தெரிந்த ஒரு சக ஊழியரும் போதுமானவை. வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரம் விளையாடிக்கொண்டிருந்த காலத்திலேயே நீரிழிவு கண்டறியப்பட்டு, இன்சுலினோடு உலகக் கோப்பைப் போட்டிகளில் பங்கேற்றவர். எனவே கடும் உடலுழைப்பும்கூட இந்நோயருக்கு அடியோடு விலக்கப்பட்டதன்று. உணவும் ஊசியும் அளவீடும் அதற்கேற்பத் திட்டமிடப்பட வேண்டும்.

கைத்தறியின் நிலை வேறு. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் காலத்தில், 1798க்கும் 1810க்கும் இடையே, தென்பகுதியிலிருந்து வரவழைத்துக் குடியமர்த்தப்பட்ட தமிழ் நெசவாளர்களால் பாலராமபுரத்தில் வேரூன்றிய இத்தொழிலில், நெசவாளர் குழித்தறியின் விளிம்பில் அமர்ந்து, குழிக்குள் கால்களை விட்டு மிதிகட்டைகளை மாறிமாறி மிதித்தபடி, கையால் நாடாவை ஓட்டுகிறார். மாத்திரையால் வலிப்பு கட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு, சுழலும் பெரும் எந்திரமோ உயரமோ இல்லாத, நாலுபேர் சூழ இருந்து செய்யும் இவ்வேலை பொருந்தும். முழங்காலிலும் கணுக்காலிலும் இரத்தக் கசிவு ஏற்பட்டு மூட்டுகள் தேய்ந்த ஹீமோபிலியா நோயருக்கோ ஓயாத மிதிப்பு துன்பம் தரும். ஆனால் அவர் அதே கூட்டுறவுச் சங்கத்தில் வடிவமைப்பையோ கணக்கையோ இணையவழி விற்பனையையோ ஏற்கலாம். ஒரே தொழிலுக்குள் இத்தனை வாசல்கள் உண்டு என்பதைப் பிள்ளைக்குக் காட்டுவதே வழிகாட்டுபவரின் வேலை.

உடல்தகுதிச் சோதனை உள்ள வேலைகளைப் பற்றிய தகவல் முன்கூட்டியே தரப்பட வேண்டும். திருவனந்தபுரம்–நாகர்கோவில் பாதையில் உள்ள பாறசாலை நிலையத்தைப் பார்த்து வளரும் பிள்ளைகளுள் பலர் ரயில்வே வேலையை விரும்புவது இயல்பு. ரயில்வே தன் பணிகளை ஏ-1 முதல் சி-2 வரை மருத்துவத் தரங்களாகப் பிரித்துள்ளது; உதவி ஓட்டுநர் பணிக்கு மிகக் கடுமையான ஏ-1 தரமும், எழுத்தர்-தட்டச்சர் போன்ற அலுவலகப் பணிகளுக்கு மிகவும் தளர்வான சி-2 தரமும் வேண்டப்படுகின்றன. நிறக்குருடு உள்ள மாணவர் ஒருவர் எழுத்துத் தேர்வில் வென்ற பிறகு மருத்துவச் சோதனையில் வெளியேறுவதைவிட, ஒன்பதாம் வகுப்பிலேயே கண்ணைச் சோதித்து, அதே துறையில் தமக்கேற்ற பணியை நோக்கிப் படிப்பது நன்று. ஓட்டுநர் உரிம விண்ணப்பத்தோடு தரும் உடல்நிலை உறுதிமொழிப் படிவத்திலும் வலிப்பு, திடீர் நினைவிழப்பு பற்றிய கேள்வி முதன்மையாக இடம்பெறுகிறது. வளைகுடா விசாவுக்கான மருத்துவச் சோதனையும் அவ்வாறே பலரைத் திருப்பி அனுப்புகிறது. கடன் வாங்கி முகவருக்குப் பணம் கட்டிய பின் இது தெரியவருவது குடும்பத்துக்குப் பேரிழப்பு.

சட்டம் தரும் உரிமைகளும் நோய்க்கு நோய் மாறுபடுகின்றன என்பது பெற்றோர் பலர் அறியாத செய்தி. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய் ஆகிய மூன்றும் அதில் உண்டு. நீரிழிவு, ஆஸ்துமா, பிறவி இதயக் குறைபாடு ஆகியவை அப்பட்டியலில் இல்லை. வலிப்பும் தனியாகப் பெயர் சுட்டப்படவில்லை. பட்டியலில் இடம்பெற்று, குறைபாட்டின் அளவு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால், அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இட ஒதுக்கீட்டில் உரிமை கோரலாம். அரசுப் பணிக்கான 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பகிரும் பிரிவிலோ ஹீமோபிலியா முதலிய இரத்த நோய்கள் குறிப்பிடப்படவில்லை. ஆகவே ஒதுக்கீட்டின் வழியே கல்லூரியில் சேரும் ஹீமோபிலியா மாணவர், வேலைக்கும் அதே கதவு திறந்திருக்கும் என்று நம்பியிருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். கல்லூரிக் கதவைத் திறந்துவிட்டு வேலைக் கதவை மூடி வைப்பது நியாயமாகாது. சட்டம் திருத்தப்படும் வரை, இந்த வேறுபாட்டைப் பத்தாம் வகுப்பிலேயே எடுத்துச் சொல்வது பள்ளியின் கடமை.

நீதிமன்றங்கள் விழுக்காட்டுக் கணக்கைத் தாண்டிச் சிந்திக்கத் தொடங்கியிருப்பது நம்பிக்கை தரும் மாற்றம். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள விகாஷ் குமார் என்பவரின் வழக்கில், 40 விழுக்காடு இல்லாதவருக்கும் தேர்வில் பதிலி எழுத்தரை மறுக்கக்கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விழுக்காடு மிகுந்திருப்பதை மட்டும் காட்டி ஒருவருக்கு மருத்துவப் படிப்பை மறுக்கவியலாது, அவரால் அப்படிப்பை மேற்கொள்ள இயலுமா என்பதையே மருத்துவக் குழு ஆராய வேண்டும் என்று 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட் வழக்கில் அதே நீதிமன்றம் கூறியது.

தேர்வுச் சலுகைகளும் தொழில் வழிகாட்டலின் பகுதியே. மதிப்பெண்தான் அடுத்த வாசலைத் திறக்கிறது. கேரளத்தில் முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்களுக்கு எஸ்எஸ்எல்சி, மேல்நிலை, தொழில்சார் மேல்நிலைத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதல் நேரம் அனுமதிக்கப்பட்டுள்ளது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத் தேர்வுகளில் சர்க்கரை மாத்திரையையும் பழத்தையும் தேர்வறைக்குள் கொண்டுசெல்லலாம். இவற்றைப் பெற வேண்டுமாயின் நோயைப் பள்ளியிடம் சொல்லியிருக்க வேண்டும். இங்குதான் பெரிய தடை எழுகிறது. பெண்பிள்ளைக்கு வலிப்பு என்றோ 'ஊசி போடுற பிள்ளை' என்றோ ஊருக்குத் தெரிந்தால் நாளை வரன் அமையாது என்று அஞ்சும் வீடுகள், வகுப்பாசிரியரிடம்கூட மூச்சு விடுவதில்லை. வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்க இடமளித்த சட்டப் பிரிவு 1999இலேயே நீக்கப்பட்டுவிட்டது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் வலிப்புள்ளோரில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது. அச்சம் மட்டும் குறையவில்லை. அந்த அச்சத்தைக் கேலி செய்யாமல், சொல்லப்படும் செய்தி இரண்டு ஆசிரியர்களைத் தாண்டிப் போகாது என்ற உறுதியைப் பள்ளி தந்து, அதைக் காப்பாற்றியும் காட்டினால், வீடுகள் மெல்லப் பேசத் தொடங்கும்.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டம், மருத்துவத் தேவையுள்ள மாணவர்களுக்கு ஆதரவளிக்கும் கடமையைப் பள்ளிகள் மேல் சுமத்தியது. பிள்ளைக்கு என்ன மருந்து, எப்போது ஆபத்து, யார் உதவுவது என்பவற்றை எழுதிவைக்கும் தனிநபர் நலத் திட்டம் அங்கே வழக்கத்தில் உள்ளது. பள்ளிகளின் தொழில் வழிகாட்டலுக்காக அதே ஆண்டில் வெளியான கேட்ஸ்பி அளவுகோல்கள், ஒவ்வொரு மாணவருக்கும் 16 வயதுக்குள் ஒருமுறையும் 18 வயதுக்குள் மறுமுறையும் தனிப்பட்ட தொழில் ஆலோசனை கிடைக்க வேண்டும் என்கின்றன. அங்கேயும் இவ்விரண்டும் தனித்தனி ஏடுகள்தாம்; நோயறிந்தவரும் தொழிலறிந்தவரும் ஒரே மேசையில் அமர்ந்தால்தான் பிள்ளைக்குப் பயன்.

அவ்வாறு அமர்வதற்குரிய ஆட்களும் இடங்களும் எல்லை வட்டாரத்தில் இல்லாமலில்லை. பாறசாலையில் தாலுகா தலைமை மருத்துவமனையும், நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனையும், காரக்கோணத்தில் சோமர்வெல் நினைவு மருத்துவக் கல்லூரியும் உள்ளன. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் திருவனந்தபுரத்தில் எஸ்ஏடி மருத்துவமனையும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. நீரிழிவுள்ள பிள்ளைகளுக்கு இன்சுலின் பேனாவும் பம்பும் வழங்கும் 'மிட்டாயி' திட்டம், பிறவி இதயக் குறைபாட்டுக்கான 'ஹிருத்யம்', இரத்த நோய்களுக்கான 'ஆஷாதாரா' ஆகியன மருத்துவச் செலவைத் தாங்குகின்றன. கல்விப் பக்கத்தில், வட்டார வள மையங்களின் சிறப்புக் கல்வியாளர்களும், மேல்நிலைப் பள்ளிகளில் தொழில் வழிகாட்டல் பிரிவினரும் உள்ளனர். தனுவச்சபுரத்தில் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும் நெய்யாற்றின்கரையில் அரசுப் பாலிடெக்னிக்கும், மாற்றுத்திறனாளிகளின் தொழில் திறனை மதிப்பிட்டுப் பயிற்சி தரும் மத்திய அரசின் தேசியத் தொழில் சேவை மையம் திருவனந்தபுரத்து நாலாஞ்சிறையிலும் இருக்கின்றன.

இவர்களை இணைக்கும் கயிறு ஒன்றுதான் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் உள்ள வழிகாட்டியிடம் பிள்ளை வந்து சேர்வதற்கு முன்பே, மே மாதம் எஸ்எஸ்எல்சி முடிவு வந்த சில நாள்களுக்குள், பிளஸ் ஒன் சேர்க்கைக்கான ஒற்றைச் சாளர விண்ணப்பத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாடச் சேர்க்கைகளுள் ஒன்றைக் குறித்தாக வேண்டியுள்ளது. அந்த அவசரத்தில் பக்கத்து வீட்டாரின் சொல்லோ, 'பாவம், இவளுக்கு எதற்குச் சிரமம்' என்ற இரக்கமோ முடிவெடுத்துவிடுகிறது. எனவே உரையாடல் எட்டாம் வகுப்பு இறுதியில் தொடங்குவதே தகும். நோயின் பெயரைவிட அதன் நடைமுறையைச் சொல்லும் ஒற்றைத் தாளை, அதாவது எந்த நேரத்தில் மருந்து, எதைச் செய்யக்கூடாது, எதைத் தாராளமாகச் செய்யலாம் என்பதை, மருத்துவர் எழுத, பிள்ளை தன் விருப்பத்தைத் தன் கையால் அதன் கீழே எழுத, ஆசிரியர் அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம். அத்தாள் வீட்டில் படிக்கக்கூடிய தமிழிலும், அலுவலகத்துக்குப் புரியும் மலையாளத்திலும் இருந்தாக வேண்டும்.

எல்லை தாண்டிப் படிக்க விரும்புவோருக்கு வேறொரு கணக்கும் உண்டு. மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் உள்ள கல்லூரிகள் பேருந்தில் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன; மாற்றுத்திறனாளிச் சான்றிதழும் நாடு முழுவதும் செல்லும். மாநில அரசின் சிகிச்சைத் திட்டங்களும் சாதி ஒதுக்கீடும் உதவித்தொகைகளும் அப்படி எல்லை கடப்பதில்லை. வீட்டு முகவரியைக் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு மாற்றுவதற்கு முன், இலவசமாகக் கிடைக்கும் மருந்து தொடருமா என்பதைக் கேட்டறிவது இன்றியமையாதது.

பதினெட்டு வயது மற்றொரு கணவாய். நாள்பட்ட நோயுள்ள சிறாருக்கான 'தாலோலம்' திட்டம் அந்த வயதோடு முடிகிறது. ஹீமோபிலியாவுக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை போட வேண்டியிருந்த ஊசிக்கு மாற்றாக மாதம் ஒருமுறை போதுமான எமிசிசுமாப் மருந்து 2024இல் கேரளத்தில் இலவசமாக அறிவிக்கப்பட்டபோதும் அது பதினெட்டுக்கு உட்பட்டோருக்கே அறிவிக்கப்பட்டது. பிளஸ் டூ முடிந்து, வீட்டைவிட்டு விடுதிக்குச் சென்று, வேலைப் பயிற்சி தொடங்கும் அதே ஆண்டில் பிள்ளை குழந்தைகள் பிரிவிலிருந்து பெரியவர்கள் பிரிவுக்கு மாறுகிறது. தற்காலிக மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வைத்திருப்போருக்கு அது காலாவதியாவதும் பலவேளை இக்காலத்திலேயே நேர்கிறது. ஆகையால் பள்ளியின் பொறுப்பு மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததோடு தீராது: அந்த ஒற்றைத் தாளின் படி ஒன்று பிள்ளை சேரும் கல்லூரிக்கும், இன்னொன்று புதிய மருத்துவரிடமும் போய்ச் சேர்ந்ததா என்று முதல் பருவம் முடியும் வரையாவது யாரேனும் ஓர் ஆசிரியர் தொலைபேசியில் கேட்டறிய வேண்டும்.