உறங்கும் காரை எழுப்பும் முன்

அந்தமானில் பல ஆண்டுகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் வீட்டுக் கொட்டகையில் ஒரு பழைய கார் நிற்பதுண்டு. அது சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ சரக்குக் கப்பலில் வந்து இறங்கிய அம்பாசடராக இருக்கலாம். மாருதி 800 ஆகவும் இருக்கலாம். அதை ஆசையோடு வாங்கிய தந்தை இன்று இல்லை. பிள்ளைகள் படிப்பையும் பணியையும் நாடிக் கடல் கடந்து சென்றுவிட்டனர். விடுமுறைக்கு வரும் மகன் ஒரு நாள், “ஓட்டித்தான் பார்ப்போமே” என்று சாவியைக் கையில் எடுக்கிறார். சாவியைத் திருப்பும் முன் சற்றுப் பொறுத்தால், காருக்கும் நலம். குடும்பத்தின் சேமிப்புக்கும் நலம்.

நின்றுபோன காரை மீட்டதற்குப் புகழ்பெற்ற சான்று ஒன்று நம் நாட்டில் உண்டு. 1941 ஜனவரி 16-17 நள்ளிரவில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் வீட்டுக் காவலிலிருந்து தப்பிச் சென்றபோது, அவருடைய அண்ணன் மகன் சிசிர் குமார் போஸ் ஓட்டிய கார் அது. ஜெர்மனியில் தயாரான அந்த வாண்டரர் கார், கொல்கத்தா எல்ஜின் சாலையிலிருந்து கோமோ ரயில் நிலையம் வரை அவரைச் சேர்த்தது. அன்று தொடங்கிய பயணத்தின் தொடர்ச்சியாகவே, 1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேயரில் நேதாஜி மூவண்ணக் கொடியை ஏற்றினார். நெடுங்காலம் ஓடாமல் நின்ற அந்தக் கார் வல்லுநர்களால் செப்பனிடப்பட்டு, 2017 ஜனவரி 18 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியால் நேதாஜி பவனில் திறந்து வைக்கப்பட்டது. அது காட்சிக்குரிய கார். நம் வீட்டுக் காரோ சாலையில் ஓட வேண்டியது. குழந்தைகளை ஏற்றிச் செல்ல வேண்டியது. ஆகவே நமக்குக் கூடுதல் கவனம் தேவை.

ஓடித் தேய்வதைவிட நின்று கெடும் காரே அதிகம் பழுதாகிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையும், எந்நேரமும் ஈரமும் உப்பும் சுமந்த கடற்காற்றும் கொண்ட இத்தீவுகளில் துருவுக்கு ஓய்வில்லை. எனவே முதலில் காண வேண்டியது எஞ்சினை அன்று, காரின் அடிப்பகுதியை. உடலைத் தாங்கும் இரும்புச் சட்டங்களையும் தரைத் தகட்டையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பார்க்க வேண்டும். தகடு உதிர்ந்தாலோ, முனை உள்ளே இறங்கினாலோ, எஞ்சினுக்குச் செலவிடுவதில் பொருளில்லை. மேற்பூச்சின் பளபளப்பை நம்பி முடிவெடுத்தல் ஆகாது.

சட்டங்கள் உறுதியாக இருப்பின், அடுத்த படி பட்டியலிடுதல். உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. மாருதி 800-இன் உற்பத்தியும் அதே ஆண்டில் முடிந்தது. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் பாகங்களைத் தேடிப் பிடித்துக் கப்பலில் வரவழைக்க நாளாகும். ஒவ்வொன்றாகக் கேட்டால் சரக்குக் கட்டணமே சுமையாகிவிடும். வேண்டியவை அனைத்தையும் ஒரே பட்டியலில் எழுதி, விலை விசாரித்து, எதிர்பாராச் செலவுக்கும் ஒரு பகுதியை ஒதுக்கிய பின்னரே வேலையைத் தொடங்குதல் நன்று. கடன் வழங்குவதற்கு வாகனத்தின் வயதில் வங்கிகள் பொதுவாக வரம்பு வைத்திருப்பதால், இச்செலவு பெரும்பாலும் சேமிப்பிலிருந்தே வர வேண்டும். மருத்துவத்துக்கும் கல்விக்கும் வைத்த பணத்தைத் தொடாமல் இயலுமா என்பதைக் குடும்பமாக அமர்ந்து முடிவு செய்யுங்கள்.

இனி எஞ்சின். பழைய பெட்ரோல் நாளடைவில் பிசின்போல் இறுகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். அதில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால் டேங்கின் உட்புறமும் துருப்பிடிக்கும். பெட்ரோலை முழுவதும் வடித்து, டேங்கையும் கார்புரேட்டரையும் தூய்மை செய்து, ரப்பர்க் குழாய்களையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிதளவு ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவைத்து, பின்னர் எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்க்க வேண்டும். இறுகியிருந்தால் வலிந்து சுற்றலாகாது. மீண்டும் ஊற விட வேண்டும். மாருதி 800 எனில் டைமிங் பெல்ட்டை முதலிலேயே மாற்றிவிடுவது அறிவுடைமை. எஞ்சின் ஆயிலும் ரேடியேட்டர் நீரும் புதியனவாக இருக்கட்டும். பல ஆண்டு நின்ற பேட்டரியை மீட்க முயல்வதைவிடப் புதியது வாங்குவதே சிக்கனம். எலிகள் வயர்களைக் கடித்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே இணைப்புக் கொடுங்கள்.

எஞ்சின் உயிர்பெறும் மகிழ்ச்சியில் பலரும் மறப்பது பிரேக்கை. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த ஈரம் வீல் சிலிண்டர்களை உள்ளிருந்தே அரிக்கும். அவற்றின் ரப்பர்களையும் ஆயிலையும் மாற்றாமல் கொட்டகை வாசலைக்கூடத் தாண்ட வேண்டாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் தேயாதிருந்தாலும், வயதான ரப்பர் ஓட்டத்தில் வெடிக்கக்கூடும். முதன்முறை எஞ்சினை இயக்கும்போது காரைத் திறந்த வெளிக்குத் தள்ளிச் செல்லுங்கள். மூடிய கொட்டகையில் தேங்கும் புகை உயிரைப் பறிக்கும்.

கார் ஓடத் தயாரானாலும், ஆவணங்கள் இன்றிச் சாலைக்கு வரலாகாது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பிறகு பரிசோதனைக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். உரிமையாளர் மறைந்திருந்தால், வாரிசு படிவம் 31 வாயிலாகப் பெயர் மாற்றம் கோர வேண்டும். கடன் என்றோ அடைந்திருந்தாலும், ஹைபாதிகேஷன் குறிப்பு பதிவுச் சான்றிதழில் அப்படியே நிற்பதுண்டு. வங்கியிடம் தடையின்மைச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35-உம் பெற்று அதை நீக்க வேண்டும். அவ்வங்கி வேறொன்றுடன் இணைந்திருப்பின், இணைத்துக்கொண்ட வங்கியை அணுகலாம். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றும் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். அது இல்லாமல் சோதனை ஓட்டத்தில் ஒருவர்மீது மோத நேர்ந்தால், இழப்பீடு முழுவதும் குடும்பத்தின் தலையில் விழும். அதில் வீடே கைவிட்டுப் போகவும் கூடும்.

இந்த ஆவணங்களைத் தேடித் தந்தையின் பெட்டியைத் திறக்கும்போது, அடியில் ஒரு பழைய பாஸ்புத்தகமும் கிடைக்கலாம். அதை ஒதுக்கிவிட வேண்டாம். இரண்டு ஆண்டுகள் வரவு செலவு இல்லாத கணக்கு செயல்படாத கணக்காகிறது. பத்து ஆண்டுகள் கடந்தால் அத்தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அப்போதும் வாரிசுகள் உரிய சான்றுகளுடன் கிளையை அணுகிக் கோரிப் பெறலாம்.

மீட்ட காரை மீண்டும் கொட்டகையில் உறங்கவிடாதீர்கள். வாரம் ஒருமுறையேனும் எஞ்சின் நன்கு சூடேறும் வரை ஓட்டுங்கள். ஓட்டி வந்ததும் அடிப்பகுதியை நன்னீரால் கழுவுங்கள். தந்தை ஓட்டிய இருக்கையில் அமர்ந்து, பிள்ளைகளோடு கார்பின்ஸ் கோவ் கடற்கரை வரை பத்திரமாகச் சென்று திரும்பும் அந்த மாலைக்காகவே இத்தனை பொறுமையும்.