பூனையின் பரம்பரை வைரஸ்



நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை அடிவாரம், காளப்பநாயக்கன்பட்டி. கடலை மூட்டைமேல் சுருண்டு கிடக்கும் வீட்டுப் பூனையின் டிஎன்ஏவில் பழங்கால வைரஸ்களின் மரபணுக்களும் இருக்கின்றன. ரெட்ரோவைரஸ் தன் மரபணுவை டிஎன்ஏவாக மாற்றி, தான் தொற்றிய செல்லின் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும். அந்தச் செல் கருமுட்டையாகவோ விந்தணுவாகவோ அமைந்துவிட்டால், வைரஸ் தாய் தகப்பன் வழியே குட்டிகளுக்கும் வந்து சேரும். நம் மனித டிஎன்ஏவிலும் சுமார் 8 சதவீதம் இப்படி வந்ததுதான்.

1964-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் குழுவினர் பூனை ரத்தப்புற்று வைரஸைக் கண்டறிந்தார்கள். அது எச்சில் வழியாகவும் கடிபடுவதாலும் பரவுவது. அதன் உறவுக்கார வைரஸ் ஒன்று வீட்டுப் பூனையின் டிஎன்ஏவில் பரம்பரையாகவே இருக்கிறது. புலி, சிங்கத்திடம் அது இல்லை.

அந்தப் பரம்பரைத் துண்டு தனியாக நோய் பரப்பாது. வெளியிலிருந்து தொற்றும் ரத்தப்புற்று வைரஸ் அதனோடு கலந்துவிட்டால் ஆபத்து கூடும். அப்போது ‘பி’ வகை என்னும் புதிய வைரஸ் பிறக்கிறது. புற்றுநோய்க்கு அது வழிவகுக்கும். ரத்தப்புற்று வைரஸால் பூனைக்கு ரத்தசோகையும் வரலாம். இந்த வைரஸ் பூனையிலிருந்து மனிதருக்குத் தொற்றுவதாகச் சான்று இல்லை.

உங்கள் வீட்டுப் பூனை தீனி எடுக்காமல் மெலிகிறதா? உதட்டை லேசாகத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம்; தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.