கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் 'சன்பர்ஸ்ட்'

மின்கிதார், 1958–1960
கலமசூ, மிச்சிகன், அமெரிக்கா
மகோகனி உடல், மேப்பிள் முகப்பு

செய்யப்பட்ட காலத்தில் இந்தக் கிதார் சரியாக விற்கவில்லை. 2,000-க்கும் குறைவாகவே செய்து, நிறுவனம் இதைக் கைவிட்டது.

1966-இல் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் இதே வகைக் கிதாரை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, ஒலியை உச்சத்தில் வைத்துப் பதிவு செய்தார். 1969-இல் லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ், கிதார் கலைஞர் ஜோ வால்ஷிடமிருந்து ஒன்றை வாங்கினார். ஹார்ட் ராக்கின் கனத்த ஒலிக்கு இந்தக் கிதார் அடையாளமானது.

அந்தக் கனத்துக்குக் காரணம், தந்திகளுக்குக் கீழே இருந்து அவற்றின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் இரண்டு 'ஹம்பக்கர்' பிக்கப்புகள். கிப்சன் பொறியாளர் சேத் லவர் வடிவமைத்த இவை ஒவ்வொன்றிலும் இரு கம்பிச்சுருள்கள் உண்டு. மின்சார இரைச்சலை அவை ஒன்றுக்கொன்று ரத்து செய்கின்றன; தந்தியின் ஒலியோ வலுத்து, ஆம்ப்ளிஃபயரின் வால்வுகளைத் திணறடிக்கிறது. அந்தத் திணறல்தான் நாம் கேட்கும் கரகரப்பு.

முகப்பின் ஓரங்களைக் கவனியுங்கள். அங்கே பூசிய சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டால் தேன் நிறமாக வெளிறிவிடும். தலைப்பகுதியின் பின்புறம் மையால் குத்திய எண்ணில் முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கும்: 8, 9 அல்லது 0.

போலிகள் ஏராளம். வாங்குவோர் எண்ணை மட்டும் நம்பாமல் பிக்கப்புகள், சாயம், மரம் அனைத்தையும் தேர்ந்த கைவினைஞரிடம் காட்டிச் சரிபார்ப்பதே நல்லது.