பரங்கிப்பேட்டை இரும்பும் பாலத்தின் கணிதமும்

ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-ஆம் ஆண்டையொட்டிப் பரங்கிப்பேட்டையில் நிறுவிய ஆலையிலே, சேலத்துத் தாதுவைக் கரியிட்டு உருக்கி எடுத்த இரும்பு, கடல் கடந்து சென்று, 1850-இல் வேல்ஸ் தேசத்தில் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்திலும் இடம்பெற்றதாகச் சொல்வார்கள். அப்பாலத்தின் வலிமையை நிர்ணயிக்க மாதிரிகளைச் செய்து உடைத்துப் பார்த்தார்கள். ஆனால் அதே காலத்தில், 1847-இல், அமெரிக்கரான ஸ்குவயர் விப்பிள், சட்டங்களைக் கோத்துக் கட்டும் பாலத்தின் ஒவ்வோர் உறுப்பிலும் எழும் விசையைக் கணக்கிட்டே அறியலாமென்று நூல் எழுதிவிட்டார்.

தத்துவம் எளியதுதான். கட்டுமானம் அசையாது நிற்பதால், சட்டங்கள் சந்திக்கும் எந்தக் கணுவை எடுத்துக்கொண்டாலும், அங்கே கூடும் விசைகள் மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் ஒன்றையொன்று முற்றும் சமன்செய்தாக வேண்டும். இரு சுவர்களின்மேல் அமர்ந்த கூரை முக்கோணம் ஒன்றின் உச்சியில் 10 டன் பாரம் இருப்பதாகவும், சட்டங்களின் சுயபாரம் அற்பமென்றும் கொள்வோம்: சாய்வுச் சட்டங்கள் கிடைமட்டத்தோடு 60 பாகையில் நின்றால், அவை ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 5.8 டன் அமுக்கமும், அடிச்சட்டத்தில் 2.9 டன் இழுவையும் தோன்றும். சாய்வை 30 பாகையாகத் தாழ்த்திவிட்டாலோ, பாரம் மாறாதிருந்தும், அமுக்கம் 10 டன்னாகவும் இழுவை 8.7 டன்னாகவும் பெருகிவிடுகின்றன. கூரையைத் தாழ்த்திச் சிக்கனம் செய்ய விரும்புவோர் இதனைக் கவனிப்பது நலம். அமுக்கப்படும் சட்டம் வளைந்து ஒடியக்கூடும் ஆதலால் தடித்திருக்க வேண்டும். இழுபடுவது மெல்லிய கம்பியாகவே இருக்கலாம்.