மூடிக்குள் எவ்வளவு காற்று?

பாடாங் செராய் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில் பாட்டியின் ஊறுகாய் ஜாடிக்கு இரண்டு மூடி. உப்பிட்ட மாங்காய் வெயில் காயும் நாள்களில் ஜாடி வாய்க்கு வெள்ளைத் துணியால் வேடு கட்டுவார். எண்ணெய் ஊற்றிய பிறகுதான் பீங்கான் மூடி ஏறும். முதலில் காற்று வேண்டும், பிறகு ஆகாது. மூடியின் வேலையே இந்தக் கணக்குதான்.

கள்ளின் கணக்கு வேறு. புளிக்கும்போது கரியமில வாயு வந்துகொண்டே இருக்கும். போத்தலை இறுகத் திருகினால் வெடித்துவிடும்.  

வைன் அப்படியல்ல, பொங்கி அடங்கிய பிறகே போத்தலுக்குள் போகிறது. அதை அடைக்கும் தக்கை ஒரு மரப்பட்டை. போர்த்துக்கலில் ஓக் மரத்தை வெட்டாமல் 9 ஆண்டுக்கு ஒருமுறை பட்டையை மட்டும் உரிக்கிறார்கள். அது மறுபடி வளர்கிறது. கித்தா மரம் சீவிய கைகளுக்கு இது புரியும். கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டால் காயம்தான், புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வரும்.

ஒரு கன சென்டிமீட்டர் தக்கையில் ஏறத்தாழ 4 கோடி காற்றறைகள். 24 மில்லிமீட்டர் தக்கையை நசுக்கி 18.5 மில்லிமீட்டர் கழுத்தில் செருகினால், விரிந்து கண்ணாடியைக் கவ்விக்கொள்கிறது. அறைகளில் இருந்த காற்று முதல் மாதங்களில் வைனுக்குள் கசிகிறது, பிறகு மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தில்தான் சிவப்பு வைனின் துவர்ப்பு தணியும். கூடிப்போனால், நறுக்கி வைத்த வாழைப்பூ கறுப்பதுபோல வைனும் நிறம் மாறும்.

தக்கையின் குறை, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாதது. சிலவற்றில் டிரைகுளோரோஅனிசோல் என்ற வேதிப்பொருள் இருக்கும். லட்சம் கோடியில் சில பங்கே போதும், நனைந்த அட்டைப்பெட்டி வாடை வைனில் வந்துவிடும். இதில் நொந்துதான் 2000இல் ஆஸ்திரேலியாவின் கிளேர் பள்ளத்தாக்கில் ரீஸ்லிங் வைன் செய்பவர்கள் பலர் சேர்ந்து திருகு மூடிக்கு மாறினார்கள்.

திருகு மூடியில் காற்றைத் தடுப்பது அலுமினியம் அல்ல, உள்ளிருக்கும் மெல்லிய வட்டு. குக்கருக்குக் கேஸ்கட் மாதிரி. வெள்ளீயத் தகடு வைத்த வட்டு காற்றை அநேகமாக விடாது, அது இல்லாத வட்டு கொஞ்சம் விடும். ஒரேயடியாக அடைபட்டால் சில வைன்களில் அவித்த முட்டை வாடை எழும். ஆனாலும் திருகு மூடிக்குள் வைன் முதிராது என்பது தவறு. மெதுவாக முதிரும், போத்தலுக்குப் போத்தல் ஒரே சீராக. எனக்கு இதுவே நல்ல மூடி.

சூட்டுக்கு மட்டும் இரண்டுமே மருந்தில்லை. சுங்கைப் பட்டாணி வெக்கையில் வைன் விரிந்து தக்கையை மேலே தள்ளும், காற்று புகும். திருகு மூடி அசையாது. உள்ளே வைன் மட்டும் காலத்துக்கு முன்பே கிழடாகிவிடும்.